பர்மனென்ட் மேசை

சற்குணம் வீட்டில் ஒரு கோப்பி மேசை இருந்தது. அதன்மேல் கோப்பி வைத்தவர் யாரும் கிடையாது. வைக்க விட்டால்தானே வைப்பதற்கு.

பினாங்கில், ஜெலுத்தோங் அடுக்குமாடியில் நாலாவது மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல்கட்டு. தனிக்கட்டைக்கு அது தாராளம். கூடத்தின் நட்டநடுவில் அந்த மேசை. அதன்மேல் வலைப்பின்னல் துணி, துணியின்மேல் பிளாஸ்டிக் ரோஜா, ரோஜாவில் தூசி பட்டுவிடக்கூடாதென்று அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை. வந்தவர்கள் கோப்பையையும் பீரிஸ் தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, முறுக்கை எந்தக் கையால் எடுப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள். யாராவது பழக்கதோஷத்தில் கோப்பையை மேசைப்பக்கம் நீட்டினால் சற்குணம் இருமுவார். பெரிய இருமல் இல்லை. செருப்போடு கோயிலுக்குள் காலை வைத்தவரைப் பார்த்துக் குருக்கள் இருமுவாரே, அந்த மாதிரி. கோப்பை மறுபடியும் மடிக்கே போய்விடும்.

"டென்மார்க் மேசை," என்பார் சற்குணம். "ஆட்டிப் பாருங்க. அசையாது."

அசையாதுதான். அது அசையாமல் போன கதையை அவர் யாருக்கும் சொன்னதில்லை. நாம் சொல்லிவிடுவோம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சற்குணம் குமாஸ்தா வம்சம். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா, அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா, இவர் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அந்தக் குடும்பத்தில் தெய்வத்துக்கு அடுத்தபடியாகக் கும்பிட்ட சொல் ஒன்று உண்டென்றால் அது ‘பர்மனென்ட்’. சற்குணத்துக்கு வேலை பர்மனென்ட் ஆனபோது அவருடைய அம்மா தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுத்தார். மனிதன் ஓரிடத்தில் நின்றால் நின்றதுதான், சாமானும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது சற்குணத்தின் கட்சி. மடக்குக் குடை வந்த புதிதில் ஆபீசே வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டபோது இவர் மட்டும் நீளக் குடையைத் தூக்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார். பஸ்ஸில் அது நாலுபேரைக் குத்தியது. அதற்கெல்லாம் அவர் அசரவில்லை.

எழுபத்து நாலில் கம்பெனி மேனேஜர் யென்சன் துரை தம் ஊரான டென்மார்க்குக்கே திரும்பிப் போனார். போகுமுன் வீட்டுச் சாமான்களை ஆபீஸ் ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். பியூன் இஸ்மாயிலுக்கு ஐஸ்பெட்டி. டிரைவருக்கு ரேடியோகிராம். துரை எழுதிய கடிதங்களையெல்லாம் பிழை திருத்தி டைப் அடித்துக் கொடுத்தவர் சற்குணம். ஆகவே துரையின் பெரிய எழுத்துமேசை தமக்குத்தான் என்று உள்ளுக்குள் முடிவு கட்டி, அதை எந்தச் சுவரோரம் போடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். அது கணக்காளருக்குப் போய்விட்டது. இவருக்குக் கிடைத்தது பழுப்புக் காகிதம் சுற்றிய தட்டையான ஒரு பொட்டலம்.

தட்டையாக இருந்ததால் ஏதோ ஓவியம் என்று நினைத்துக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், "வெளிநாட்டுப் படம், துரை குடுத்தாரு," என்று சொல்லவும் சொன்னார். வீட்டுக்கு வந்து, சுவரில் ஆணி அடித்து முடித்துவிட்டுத்தான் காகிதத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு மரத்தட்டும் நாலு குச்சிக் கால்களும் இருந்தன. மனிதருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் இஸ்மாயில்தான் வந்து விளக்கினார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருக்காரர், துரை வீட்டுக்கு அடிக்கடி போக வர இருந்தவர்.

"இது மேசை, அண்ணே. இப்படி இழுத்தா நிக்கும். இப்படித் தள்ளினா படுத்துக்கும். வேணாம்னா கதவுக்குப் பின்னால சாத்தி வச்சிடலாம். இடமே புடிக்காது."

உள்ளதைச் சொல்லவேண்டும், அழகான சாமான். நல்ல தேக்கு, தேன் நிறம். கால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு பித்தளைக் கீலில் மடங்கும். மேல்தட்டு தனியே கழன்று வரும். அதன் ஓரம் மட்டும் மெல்ல எழும்பி, வைத்தது உருண்டுவிடாமல் காக்கும். ஒரு ஆணியின் தலைகூட வெளியே தெரியாது. அந்தக் காலத்தில் டென்மார்க்காரர்கள் இப்படி மெலிந்த மரச்சாமான்களைச் செய்து உலகத்தில் பாதிப்பேரை மயக்கி வைத்திருந்தார்கள். சற்குணம் மற்றப் பாதியைச் சேர்ந்தவர்.

"மடக்கு மேசையா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் மடக்கு மேசையைப் பார்த்த இடங்கள் இரண்டே இரண்டு. பொழுது சாய்ந்ததும் இரவுச்சந்தையில் துணி வியாபாரி விரிப்பது ஒன்று. சாவு வீட்டில் பந்தல்காரர் கொண்டுவந்து போடுவது இன்னொன்று. இரண்டுமே காரியம் முடிந்ததும் மடக்கி லாரியில் ஏற்றுகிற சாமான்கள். குமாஸ்தா வீட்டுக் கூடத்தில், வருகிறவர் கண்ணில் படும்படி, அதைப் போய் வைப்பதா? பார்க்கிறவன் என்ன நினைப்பான்? எந்த நேரமும் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கிளம்புகிற ஆள் என்று நினைக்கமாட்டானா? துரை கொடுத்ததை எறியவும் மனம் வரவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்தார், பிறகு மேசையைத் தூக்கிக்கொண்டு ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் இருந்த சீனத் தச்சர் பட்டறைக்குப் போனார்.

தச்சர் மேசையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். கீலைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சற்குணம் தமக்கு வேண்டியதைச் சொன்னதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. "சாயாங்லா," என்றார், ஐயோ பாவமே என்று வருத்தப்படுகிற மலாய்ச் சொல்லால். மேசைக்காகப் பரிந்து கொஞ்ச நேரம் வாதாடியும் பார்த்தார். குமாஸ்தா மசியவில்லை. கடைசியில் தட்டைக் காலோடு சேர்த்து இரும்புப் பட்டை வைத்து முடுக்கி, கால்களுக்கிடையே ஒரு குறுக்குச் சட்டமும் அடித்து, திருகாணிகளின்மேல் பழுப்புச் சாயம் பூசிக் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேசை பர்மனென்ட் ஆயிற்று.

மேசைக்கு வந்த ஸ்திரம் அதன் சொந்தக்காரரின் கல்யாணத்துக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கப்படி பெண்ணுக்குச் சீதனம் வீடு. மாப்பிள்ளை அந்த வீட்டில் போய்க் குடியேறுவார். பினாங்குக்கு வந்து தலைமுறைகள் ஆகியும் சில குடும்பங்கள் அதை விடவில்லை, சற்குணத்தின் குடும்பமும் அதில் ஒன்று. தங்கைகளுக்கு வீடு பார்த்துக் கொடுத்து நிமிர்ந்தபோது சற்குணத்துக்கு நாற்பது தாண்டி, நெற்றி ஏறிப் பிடரியோடு சேர்ந்துவிட்டது. அக்கா கனகேஸ்வரி மட்டும் தம்பியின் ஜாதகத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு விடாமல் அலைந்தார்.

"வீடு இருக்கிற பொண்ணா பாக்கறேன், தம்பி. நீ எதுக்கு இந்த வாடகை மாடியில கெடக்கணும்?"

அக்காவுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. தம்பிக்கு ஒரு குரல்மேல் ஆசை. ஆபீசிலிருந்து சிங்கப்பூருக்கு டிரங்க் கால் போடுவது சற்குணத்தின் வேலை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன் பிடித்துக் கொடுக்கிறவர்களில் ஒரு பெண்ணின் குரல், எப்போதும் லேசாகத் தொண்டை கட்டினாற்போல, இவருடைய காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்தில்தான் பேசும். ஒருநாள் லைனிலேயே தும்மிவிட்டு, "முருகா," என்றது. அன்றிலிருந்து சற்குணம் அந்தக் குரலோடு தமிழில் பேசத் தொடங்கினார். பேச்சென்ன பெரிய பேச்சு. "அவசரமில்ல, மிஸ். நிதானமா பாருங்க," என்பதுதான். உள்ளேயிருந்து புது மேனேஜர், சிங்கப்பூரில் கப்பல் நிற்கிறது, இன்னுமா லைன் கிடைக்கவில்லை என்று கத்திக்கொண்டிருப்பார். சற்குணம் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு மறுபடியும், "அவசரமே இல்ல, மிஸ்," என்பார். இப்படி எத்தனையோ வருஷம். பெயரைக் கேட்கிற துணிச்சல் மட்டும் வரவில்லை.

எண்பத்தொன்றில் ஒருநாள் அக்கா ஒரு வம்புச் செய்தியோடு வந்தார். ஊர் முறைக்கு மாமாவான அப்புத்துரையின் தங்கை மகள் கமலாம்பிகை, வயது முப்பத்தைந்துக்கு மேல், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரக்கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

"ஏனாம்?" என்றார் சற்குணம்.

"இவளே போய் மாப்பிள்ளை வீட்டைப் பாப்பாளாம். கேட்டிருக்கியா இப்படி? சீதனத்துக்கு ஒரு கூரைகூட இல்ல. இருக்கிற வாடகை வீட்டையும் இந்த மாசம் இடிக்கப்போறாங்க. அம்மா பக்கவாதத்துல படுத்த படுக்கை. கட்டிக்கிறவன் அம்மாவையும் சேத்து ஏத்துக்கணுமாம், கட்டிலோட."

அந்தக் கட்டில் சாதாரணக் கட்டில் இல்லை என்பதையும் அக்காவே சொன்னார். ஆஸ்பத்திரி கழித்துவிட்ட இரும்புக் கட்டில். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும். அது இருந்தால்தான் அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து இடது கையால் தாமே சாப்பிட முடியும். பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் ஒருவர், அம்மாவை முதியோர் இல்லத்தில் விடலாமே என்று கேட்டார். இன்னொருவர், கட்டிலுக்கு இடமில்லை என்று சொன்னார். மூன்றாமவர் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர் போனவர்தான். அதற்குப் பிறகுதான் கமலாம்பிகை இந்தச் சட்டத்தைப் போட்டாராம்.

அக்கா தலையில் அடித்துக்கொள்ளத் தயாராக இருந்தார். தம்பி வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்குக் குரல் கொஞ்சம் கட்டின மாதிரி இருக்குமாக்கா?"

"என்ன?"

"தும்மினா முருகான்னு சொல்லுமா?"

அக்கா அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. "நீ பொண்ணைக் கட்டிக்கப்போறியா, குரலைக் கட்டிக்கப்போறியா?" என்றார்.  சற்குணம் அப்புத்துரை மாமாவுக்குச் சொல்லியனுப்பச் சொன்னார், கட்டிலோடு சம்மதம் என்று. உள்ளே படுக்கையறையில் போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்மாயில் தமது பழைய காரில், அவர் வழக்கில் கெரேத்தாவில், மாமாவையும் கமலாம்பிகையையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்குள் சற்குணம் வீட்டைக் கழுவித் துடைத்து, பிளாஸ்டிக் ரோஜாவைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, பட்டுக்கரை வேட்டி கட்டி, வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து வேர்த்துப் போயிருந்தார்.  வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றை அவர் மனதார வேண்டும் என்று கேட்கிறார். அது கிடைக்குமா என்பது ஒரு கூடத்தின் நீள அகலத்தில் வந்து நின்றது.

கமலாம்பிகை பருத்திச் சேலையில் வந்தார். மெலிந்த உருவம், கண்ணாடி. யாரையும் அண்ணாந்து பார்க்கிற பேர்வழி இல்லை என்பது நடையிலேயே தெரிந்தது. அக்கா கோப்பி கொண்டுவந்தார். வழக்கம்போல எல்லோரும் மடியில் வைத்துக்கொண்டார்கள். கமலாம்பிகை உட்காரவே இல்லை.

"வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அந்த ஒரே கேள்வியில் சற்குணத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதே குரல்தான், லேசாகத் தொண்டை கட்டிய குரல்.  அவர் கையை மட்டும் சமையல்கட்டுப் பக்கம் நீட்டிக் காட்டினார்.

கமலாம்பிகை கைப்பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்தார். பாவாடை நாடா. அதில் ஒரு முடிச்சு கட்டிலின் நீளம், இன்னொரு முடிச்சு அகலம். ஒரு முனையை மாமாவிடம் கொடுத்துவிட்டு அளக்க ஆரம்பித்தார். பெண்ணைப் பார்க்க வந்தால் நடந்து காட்டு, பாடிக் காட்டு என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே வீடு நடந்து காட்டிக்கொண்டிருந்தது.

படுக்கையறைக்குப் போகிற வழியில் ஒரு திருப்பம் இருந்தது. அதில் அந்த நீளம் திரும்பாது. சற்குணத்தின் கணக்கு அங்கேயே காலி.

"ஹால்ல இந்தச் சுவரோரம் போட்டுடலாமே," என்றார் அக்கா, பிரம்பு சோபா கிடந்த மேற்குச் சுவரைக் காட்டி.

"போடலாம், அக்கா. ஆனா அம்மாவுக்கு இடது கைதான் நல்ல கை. தெற்க தலை வச்சா அந்தக் கை சுவர்ப்பக்கம் போயிடும், எதையும் எடுத்துக்க முடியாது. கை இந்தப் பக்கம் வரணும்னா வடக்க தலை வைக்கணும்."

வடக்கே தலைவைப்பதா? அக்கா உடனே வாயை மூடிக்கொண்டார். எதிர்ச் சுவரில் படுக்கையறைக்குப் போகும் வாசல் இருந்தது, அங்கேயும் ஆகாது. மிச்சமிருந்தது ஒரே வழி. கிழக்கு ஜன்னலில் தலைமாடு, கூடத்துக்குக் குறுக்கே கட்டில். கமலாம்பிகை ஜன்னலடியிலிருந்து நாடாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் அது டென்மார்க் மேசையின் காலில் போய் முட்டியது.

"இந்த மேசையைக் கொஞ்சம் எடுத்துட முடியுமா?" என்று கேட்டார்.

சற்குணம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் ஏழு வருஷப் பழக்கம் அவருடைய வாயைத் திறந்துவிட்டது.

"அது அசையாது. பர்மனென்ட்."

சொன்னபிறகுதான் அவருடைய காதிலேயே அது விழுந்தது.  மாமா கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுச் செருப்பு எங்கே என்று வாசலைப் பார்த்தார். கமலாம்பிகை கோபப்படவில்லை. கட்டிலுக்கு இடமில்லை என்று கேட்பது அவருக்குப் புதிதா என்ன. நாடாவை விரல்களில் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று.  லைன் அறுந்துபோகப் போகிறது, இனி எத்தனை டிரங்க் கால் போட்டாலும் பிடிக்கமுடியாது என்று சற்குணத்துக்குத் தெரிந்துவிட்டது.

வாசலில் நின்றிருந்த இஸ்மாயில்தான் குறுக்கே புகுந்தார்.

"என்ன அண்ணே அசையாதுங்கறீங்க? மடக்கு மேசைதானே அது?"

"மடக்கு மேசையா?" என்றார் அக்கா. சொந்தபந்தம் முழுக்கத் தம்பியின் டென்மார்க் மேசையைப் பற்றி அளந்து வைத்தவர் அவர். 

சற்குணம் மேசையைப் பார்த்துச் சொன்னார். "ஆமா. மடக்கு மேசைதான். நான்தான் பட்டறையில குடுத்து முடுக்கி வச்சேன்."

"எதுக்கு?" என்றார் கமலாம்பிகை.

"மடக்கு மேசைன்னா வர்றவங்க மதிக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

யாராவது சிரித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஒருவரும் சிரிக்கவில்லை. கமலாம்பிகை சுற்றின நாடாவோடு அப்படியே நின்றார்.

"எங்க வீட்டுல எல்லாமே மடக்குற சாமான்தான். அம்மா கட்டில்கூடப் பாதி மடங்கும்," என்றார்.

சற்குணம் இஸ்மாயில் பக்கம் திரும்பினார். "கெரேத்தாவுல ஸ்குரூடிரைவர் இருக்கா?"

பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மாப்பிள்ளை தரையில் மல்லாந்து மேசைக்கடியில் போவதை அந்த வீடு அன்றைக்குத்தான் பார்த்தது. வலைப்பின்னல் துணியும் ரோஜாவும் அக்காவின் மடிக்கு மாறின. தச்சர் பூசிய சாயம் திருகாணிகளின் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருந்தது. முதலில் அதைச் சுரண்டவேண்டியிருந்தது. சாயத்தூள் அவருடைய மூக்குக்கண்ணாடியில் விழுந்தது, கண்ணில் விழுந்தது. ஒரு திருகாணி வந்தது. அடுத்தது துரு. அது வந்தால் அதற்கடுத்தது. செய்யாதே என்று தச்சர் அன்றைக்கு எவ்வளவு கெஞ்சினாரோ, செய்யச் சொன்னபிறகு அவ்வளவு பொறுப்பாகச் செய்து வைத்திருந்தார். சற்குணம் மூச்சு வாங்கினார். மேசை ஆடாமலிருக்கக் கமலாம்பிகை மண்டியிட்டு அதன் காலைப் பிடித்துக்கொண்டார்.

"முடியலன்னா விட்டுடுங்க. கையைக் கிழிச்சுக்காதீங்க," என்றார்.

"இல்ல, மிஸ். வந்துடும். உங்களுக்கு அவசரமில்லன்னா கொஞ்சம் இருங்க."

 கமலாம்பிகை தலையைத் தாழ்த்தி மேசைக்கடியில் எட்டிப் பார்த்தார்.

"நீங்களா?"

சற்குணம் திருகாணியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். படுத்தபடி தலையாட்டியதில் தரையில் பின்மண்டை இடித்தது.

"சிங்கப்பூருக்கு டிரங்க் கால் கேட்டுட்டு அவசரமில்லைன்னு சொல்ற ஒரே ஆளு," என்றார் கமலாம்பிகை. "பைத்தியமோன்னு எக்ஸ்சேஞ்சில பேசிக்குவோம்."

"மேனேஜரும் அப்படித்தான் நெனைக்கிறாரு," என்று மேசைக்கடியிலிருந்து பதில் வந்தது.

அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மாமாவுக்கும் விளங்கவில்லை, அக்காவுக்கும் விளங்கவில்லை. கடைசிப் பட்டையும் கழன்று விழுந்தது. குறுக்குச் சட்டத்தை இஸ்மாயில் ஒரு தட்டுத் தட்டி எடுத்தார். கீல் இறுகிக் கிடந்தது. முதல் இழுப்புக்கு முனகியது, இரண்டாவதுக்கு மடங்கிவிட்டது. சற்குணம் எழுந்து, தட்டையும் கால்களையும் தம் கையாலேயே கதவுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாத்தினார். மேசை நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது.

கமலாம்பிகை மறுபடி நாடாவை விரித்தார். ஜன்னலடியிலிருந்து முடிச்சு எட்டிவிட்டது. கட்டில் பிடிக்கும். ஆனால் முடிச்சு வந்து நின்ற இடம் பிரம்பு சோபாவில் உட்கார்பவரின் முழங்காலுக்கு நேரே. கட்டிலைப் போட்டால் வாசலிலிருந்து சமையல்கட்டுக்குப் போக வழியிருக்காது.

"பாத்தீங்களா? இடம் பத்தல," என்றார் அக்கா. பாவம், அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்ததை மறைக்க முடியவில்லை. மாமா பெருமூச்சு விட்டார். கமலாம்பிகை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மனிதரிடம் ஒருநாளில் எவ்வளவுதான் கேட்பது?

"இஸ்மாயில், அந்தப் பக்கம் புடி," என்றார் சற்குணம்.

"எதை, அண்ணே?"

"சோபாவை."

இரண்டுபேருமாக அதைத் தூக்கி, வாசலில் ஒருதடவை மாட்டிக்கொண்டு, சாய்த்து, வெளி வராந்தாவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். திரும்பிவந்து ஒற்றை நாற்காலிகளையும் எடுத்தார்கள். அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் பாக்கி. சற்குணம் அதன் பக்கத்தில் மரியாதையாகக் காத்து நின்றார். அக்கா முறைத்துக்கொண்டே எழுந்தார்.

"தம்பி," என்றார் மாமா, "பிறகு வர்ற ஆக்கள் எங்க இருக்கிறது?"

"பாய் போட்டுக்கலாம், மாமா. நானும் கீழதான் உக்காருவேன்."

வேட்டியெல்லாம் அழுக்கு. கண்ணாடியில் பழுப்புத் தூள். காலியான கூடத்தின் நடுவில், மதிப்பு மரியாதை எல்லாவற்றையும் வராந்தாவில் போட்டுவிட்டு, அவர் பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளைபோல நின்றார். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டையும் அவர் மறைக்கவில்லை.

கமலாம்பிகை அவரைப் பார்த்தார். பிறகு கிழக்கு ஜன்னலுக்குப் போய்க் கதவுகளைத் திறந்து, தலைமாடு வரப்போகிற இடத்தில் கொஞ்சநேரம் நின்றார். காற்று வந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். கண்ணையும் துடைத்த மாதிரி இருந்தது.

"அம்மாவுக்கு இங்க வேர்க்காது," என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று சற்குணத்துக்குப் பிடிபடவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா மாமாவைப் பார்த்தார். மாமா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ..." என்று இழுத்தார் சற்குணம்.

"அப்போ என்ன? இரும்புக் கட்டில், லிஃப்ட்ல நுழையாது. நாலு மாடி தூக்க ஆளுக்குச் சொல்லி வச்சிடுங்க." கமலாம்பிகை நாடாவைக் கைப்பையில் போட்டு மூடினார். "கல்யாணத்துக்கு அக்காவும் மாமாவும் நல்ல நாளாப் பாத்துச் சொல்லட்டும். அங்க வீட்டை இடிக்கப்போறாங்க, அம்மா வர்ற வெள்ளிக்கிழமையே வந்துடுவாங்க."